நடுநாட்டு நீர்நிலைகளும் குடித்தலைமைகளும் – 7: கழுவெளிக் கரையின் ஓவியர்

மரக்காணத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கில், விழுப்புரம் மாவட்டத்தின் வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்து கிடக்கும் கழுவெளி, பழவேற்காட்டிற்கு அடுத்தபடியாகத் தமிழகத்தின் மிகப் பெரிய உவர்நீர் ஏரியாகும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பொழியும்போது, மேற்கே திண்டிவனம் வரையுள்ள மேட்டுநிலத்தின் நூற்றுக்கு மேற்பட்ட ஏரிகள் ஒன்று நிரம்பி ஒன்றில் வழிந்து, கடைசியில் தம் மிகைநீரை இந்தப் பள்ளத்தில் கொட்டுகின்றன. வடகிழக்கு மூலையில் உப்புக்கள்ளி என்னும் ஓடை இதனை இடையன்திட்டுக் கழிமுகத்தோடும், அதன் வழியே வங்கக் கடலோடும் இணைக்கிறது. கோடையில் ஏரிகளின் வரத்து நின்று நீர் வற்றத் தொடங்கியதும் அதே ஓடையின் வழியே கடல்நீர் உள்ளே ஏறிவருவதால், மழைக்காலத்தில் நன்னீராக இருந்த பரப்பின் ஒரு பகுதி பங்குனி, சித்திரையில் உவர்த்துப் போகிறது. ஆழமில்லாத இத்தகைய நீர்ப்பரப்பையே பழந்தமிழ் கழி என்று வழங்கியது. அதன் நடுவிலும் ஓரத்திலும் நீர் சூழ்ந்து நிற்கும் மேட்டுநிலமே திட்டு. இடையன்திட்டு என்ற பெயரிலும், மரக்காணத்திற்கு வடக்கே கடலுக்கும் கழிக்கும் இடையில் நீண்டு ஒடுங்கிக் கிடக்கும் இடைக்கழிநாடு என்ற பெயரிலும் இந்நிலத்தின் அமைப்பே பதிந்திருக்கிறது.

இந்தக் கழியையும் அதன் மேற்கிலுள்ள ஏரி நாட்டையும் சங்க காலத்தில் ஆண்ட சிறுகுடி ஓவியர் குடியாகும். அக்குடியின் தலைவர்கள் ஓய்மான் என்று குறிக்கப்பட்டனர். அவர்கள் ஆண்ட நிலம் ஓய்மாநாடு எனப்பட்டது. அவர்களுள் நல்லியக்கோடன், நல்லியாதன், வில்லியாதன் என்னும் மூவரின் பெயர்களே இன்று தெரிய வருகின்றன. பத்துப்பாட்டில் மூன்றாவதாக வைக்கப்பட்ட சிறுபாணாற்றுப்படை முழுவதும் நல்லியக்கோடனைப் பற்றியது. புறநானூற்றின் 176, 376, 379 ஆம் பாட்டுகள் முறையே அம்மூவரையும் பாடுகின்றன, அவை மூன்றையும் பாடியவர் புறத்திணை நன்னாகனார் என்ற ஒரே புலவர். மூவேந்தரின் வரலாற்றை எழுத நாணயமும் கல்வெட்டும் அயல்நாட்டார் குறிப்பும் கைகொடுக்கின்றன; ஓவியர் குடியின் வரலாற்றுக்கோ பாட்டும் நிலமுமே சான்றுகள். ஆதலால் பாட்டை நிலத்தின் மேல் விரித்துப் படிப்பதைத் தவிர இவ்வரலாற்றை எழுத வேறு வழியில்லை.

சிறு குடிகளின் ஆட்சி ஏரிகளையும் தீவுகளையும் பற்றி வளர்ந்தது தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்தில் மலைகளுக்கு நடுவே நீண்டு கிடக்கும் ஏரிகளை அந்நாட்டார் லாக் என்பர்; ஒரே மூதாதையின் வழிவந்தோராகத் தம்மைக் கருதி ஒரு தலைவனுக்குக் கட்டுப்பட்ட கூட்டத்தைக் கிளான் என்பர். ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளமுள்ள லாக் ஆவ் ஏரியில் இன்னிஸ் கானல் என்னும் சிறு தீவிலிருந்த கோட்டைதான் பிற்காலத்தில் பெருவலிமை பெற்ற கேம்பல் குடியின் பழைய இருப்பிடம்; 15ஆம் நூற்றாண்டில் அவர்கள் கடல்வழி நோக்கி இன்வரரே என்ற ஊருக்கு இடம் பெயர்ந்தனர். இஸ்லே தீவிலுள்ள ஃபின்லகன் ஏரியின் திட்டுகளில் கூடித்தான் மெக்டொனால்டு குடியினர் தம் தலைவர்களை அமர்த்தினர், வழக்குகளைத் தீர்த்தனர். 1493இல் ஸ்காட்லாந்தின் அரசு அவர்களுடைய தலைமையுரிமையைப் பறித்தது. நீரே அரணாகவும் வழியாகவும் உணவாகவும் இருந்த இடங்களில் சிறு குடிகள் பேரரசுகளுக்கு நடுவே தம் தலையை நிமிர்த்தி நிற்க முடிந்தது என்பதில் அந்நாடும் ஓய்மாநாடும் ஒத்திருக்கின்றன. ஆயினும் ஒரு வேறுபாடு ஆழமானது. அங்கே குடியின் பெயர் மக்களின் பெயரோடு ஒட்டிக்கொண்டு உலகெங்கும் பரவியது. இங்கே ஓய்மான் என்ற பெயரைத் தாங்கிய மனிதர்கள் மறைந்த பிறகும், அப்பெயரை நிலம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் சுமந்தது. இப்பகுதி விளக்க முற்படுவது அந்த நிலத்தின் நினைவையே.

சிறுபாணாற்றுப்படை 269 அடிகளைக் கொண்ட ஆசிரியப்பா. ஆற்றுப்படை என்பது, ஒரு வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிர்வரும் மற்றொரு கலைஞனுக்கு அவ்வள்ளலின் ஊருக்கு வழி சொல்வதாக அமையும் பாட்டுவகை; சிறுபாணர் என்போர் சிறிய யாழை இசைத்தவர். இப்பாட்டைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். அவர் ஊரைத் தாங்கிய இடைக்கழிநாடு இன்று செங்கல்பட்டு மாவட்டத்துச் செய்யூர் வட்டத்தில் ஒரு பேரூராட்சியாக அதே பெயரோடு இருப்பது எளிதில் கடந்து போகத்தக்க செய்தியன்று. கிழக்கே கடலும் மேற்கே ஓதியூர்க் கழியும் சூழ்ந்த அந்த நிலத்துண்டிலிருந்து தெற்கே சில காவதம் நடந்தாலே நல்லியக்கோடனின் துறைமுகம் வந்துவிடும். புலவர் கேள்வியுற்ற நாட்டைப் பாடவில்லை. தம் ஊரின் பக்கத்து நாட்டைப் பாடினார். வழி சொல்லும் அவருடைய அடிகளில் காணப்படும் துல்லியத்திற்கு இதுவே காரணமாகலாம்.

பாட்டு காட்டும் வழி கடற்கரையில் தொடங்கி மேற்கு நோக்கி உள்நாட்டிற்குள் செல்கிறது. முதலில் வருவது எயிற்பட்டினம் என்னும் நெய்தல் நிலத் துறைமுகம். எயில் என்றால் மதில். மதிலின் பெயரைத் தாங்கிய, குளிர்ந்த நீர்நிலைகளையுடைய பட்டினம் என்று பாட்டு அதனை அறிமுகப்படுத்துகிறது. அறிஞர் பலர் இதனை இன்றைய மரக்காணம் என்பர். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட எரித்திரியக் கடல் பெரிப்புளூஸ் என்னும் வழிகாட்டி நூல், சோழமண்டலக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைகளை அடுத்தடுத்துக் குறிப்பிடுகிறது. கமராவைக் காவிரிப்பூம்பட்டினமாகவும் பொதுகேயை அரிக்கமேடு அமைந்த புதுச்சேரிக் கரையாகவும் கொள்வோர், சோபட்மாவை எயிற்பட்டினத்தோடு பொருத்துவதுண்டு. சோ என்ற சொல்லுக்கும் அரண் என்னும் பொருள் உண்டு ஆகையால் இப்பொருத்தம் கவர்ச்சியானது. எனினும் இதனை முடிந்த முடிபாக எழுதிவிடாமல், வலுவான கருத்து என்ற அளவில் நிறுத்துவதே முறை. அத்துறைகளில் கரையோரமாக ஓடும் உள்நாட்டுப் படகுகளும், கட்டைகளைப் பிணைத்துச் செய்த பெரிய கலங்களும், கங்கைக்கும் அதற்கு அப்பாலுள்ள பொன்னாட்டிற்கும் செல்லும் பெருங்கப்பல்களும் கிடந்தன என்று அந்நூல் கூறுகிறது.

எயிற்பட்டினத்தின் கரையில் பாட்டு நிறுத்திக் காட்டும் ஒரு காட்சி சிறப்பாகக் கருதத்தக்கது. பெரிய அலைகள் கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரக்கட்டைகள், ஒட்டகங்கள் உறங்கக் கிடப்பதுபோல் மணலில் கிடக்கின்றன. அவற்றை விறகாக்கித்தான் நுளைச்சியர், அதாவது கரையில் வாழும் மீனவப் பெண்கள், கள்ளைக் காய்ச்சுகின்றனர். வரும் பாணருக்கு அக்கள்ளையும் சுட்ட குழல்மீனையும் பரதவர் ஊட்டுவர். மணமுள்ள அம்மரத்தை அகில் என்று உரையாசிரியர் கொள்வர். வேறிடத்தில் பொன்னுக்கு நிகராக விலைபோகும் மரம் இக்கரையில் அடுப்பெரிக்கக் கிடைத்தது என்றால், கடல் வணிகத்தின் பாதையில் இவ்வூர் எவ்வளவு நெருங்கி இருந்தது என்பதை அறிய வேறு சான்று வேண்டுவதில்லை. ஒட்டகம் என்ற உவமையும் அவ்வாறே. நடுநாட்டுக் கடற்கரையின் புலவருக்கு ஒட்டகம் மடிந்து படுக்கும் தோற்றம் தெரிந்திருக்கிறது.

கடற்கரையை விட்டு மேற்கே திரும்பியதும் வழி வேலூருக்குச் செல்கிறது. இது பாலாற்றங்கரையின் வேலூரன்று. கழுவெளியின் மேற்குப் புறத்திலுள்ள உப்புவேலூரே என்று ஆய்வாளர் காட்டுகின்றனர். பூத்த கேணியையும் வேலின் வெற்றியையும் இணைத்துப் பேசப்படும் அவ்வூரில் எயினர் வாழ்ந்தனர். எயினர் என்போர் வேட்டையால் வாழ்ந்த குடியினர். அவர்களுடைய பெண்கள் சமைத்த புளிச்சோற்றையும் ஆமானின் இறைச்சியையும் பாணர் பெறுவர். அதற்கும் மேற்கே ஆமூர், மருத நிலம். திண்டிவனம் அருகிலுள்ள நல்லாமூரோடு பொருத்தப்படும் இவ்வூரைச் சூழ்ந்து குளிர்ந்த அகழியும் அரிய காவலும் இருந்தன. அங்கே உழவர் வீட்டில் கிடைப்பது, உலக்கையால் குற்றிய அரிசியின் வெண்சோறும், பிளவுபட்ட கால்களையுடைய நண்டின் கறியும். இம்மூன்று உணவுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், கழுவெளியின் கிழக்குக் கரையிலிருந்து ஏரிப் பாசன நிலம் வரையிலான வழியே கண்முன் விரிகிறது: கடலின் மீன், காட்டின் இறைச்சி, வயலின் நெல்லும் நண்டும். ஒரு நாள், இரண்டு நாள் நடைத் தொலைவுக்குள் மூன்று திணைகளும் அடங்கிய நாடு இது. பேரரசுகள் பல நாடுகளை வென்று சேர்த்த வளங்களின் வகை, இச்சிறு குடிக்கு ஒரே நீர்ப்பள்ளத்தைச் சுற்றியே வாய்த்தது.

பாட்டின் நடுப்பகுதியில் வரும் வறுமைக் காட்சியும் இந்நிலத்தோடு சேர்த்துப் படிக்கத்தக்கது. பரிசில் பெறுவதற்கு முன் அந்தப் பாணனின் வீட்டில், கூரை சரிந்த அட்டிலில், கண் திறவாத குட்டிகளை ஈன்ற நாய் பால் கொடுக்க இயலாமல் குரைக்கிறது. சுவரில் கறையான் அரித்த மண்ணில் காளான் பூத்திருக்கிறது. பசியால் மெலிந்த மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைத்து, அறியாதார் கண்டுவிடுவரோ என்ற நாணத்தால் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். சங்கப் பாட்டுகளில் வறுமையைப் பேசும் இடங்கள் பல உண்டு. எனினும் உப்பின்மையை வறுமையின் எல்லையாகக் காட்டிய இவ்விடம் தனித்து நிற்கிறது. அந்தப் பாணன் போகவேண்டிய நாடு, உப்பு விளையும் கழிக்கரை நாடு. இந்தப் பொருத்தத்தைப் புலவர் வேண்டுமென்றே அமைத்தாரா என்பது ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டது. ஆனால் இடைக்கழிநாட்டில் பிறந்த ஒருவருக்கு உப்பு இல்லாத வீடு என்பதன் கொடுமை மற்றவரைவிட நன்கு புரிந்திருக்கும்.

வழியின் முடிவிடம் கிடங்கில். கிடங்கு என்றால் அகழி. இன்றைய திண்டிவனம் நகரின் பகுதியாகிவிட்ட கிடங்கல் என்னும் ஊரே இது என்பதில் அறிஞரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அங்குள்ள சிதைந்த கோட்டையின் எச்சங்களும் அகழியின் தடமும் பிற்காலத்தில் பலமுறை திருத்தியும் மாற்றியும் கட்டப்பட்டவையாதலால், அவற்றை அப்படியே நல்லியக்கோடன் காலத்தவை என்று கொள்வதற்கில்லை. இடத்தின் தேர்வு மட்டுமே பழமையைக் காட்டுகிறது. மலையரண் இல்லாத சமநிலத்தில் அமைந்த ஊருக்கு ஏரிநீரைத் திருப்பி நிறைத்த அகழியே அரண். மேற்கே செஞ்சியின் குன்றுகளைக் கோட்டையாக்கும் வாய்ப்பு இருந்தும், ஓய்மான் நீரரணை நாடியது, அவனுடைய நாட்டின் உயிர் எங்கிருந்தது என்பதைச் சொல்கிறது.

கிடங்கில் வெறும் படைவீடாக இருக்கவில்லை. நற்றிணையில் 218 ஆம் பாட்டைப் பாடிய கிடங்கில் காவிதிக் கீரங்கண்ணனாரும், 364 ஆம் பாட்டைப் பாடிய கிடங்கில் காவிதிப் பெருங்கொற்றனாரும், குறுந்தொகையின் 252 ஆம் பாட்டைப் பாடிய கிடங்கில் குலபதி நக்கண்ணனும் இவ்வூரினர். காவிதி என்பது அரசன் வழங்கிய சிறப்புப் பட்டம். அமைச்சர்க்கும் கணக்கர்க்கும் உழவருள் உயர்ந்தோர்க்கும் அது உரியதாகச் சொல்லப்படுகிறது. ஒரே ஊரின் இரு புலவர்கள் அப்பட்டத்தைத் தாங்கியிருப்பதால், கிடங்கிலில் பட்டம் பெறத்தக்க அலுவலர்களும் கற்றோரும் கூடியிருந்தனர் என்று கொள்ளலாம். வள்ளலைப் புகழ்ந்த ஒரு பாட்டை மட்டும் வைத்து அந்நகரை அளப்பவர் இம்மூவரையும் மறந்துவிடுகின்றனர்.

நல்லியக்கோடனின் வாயில் பொருநருக்கும் புலவருக்கும் அருமறை வல்ல அந்தணருக்கும் அடையாத வாயில் என்று பாட்டு கூறுகிறது. உள்ளே சென்ற பாணனுக்கு மூங்கிலின் உட்பட்டையைப் போல் மென்மையான ஆடை கிடைக்கும், கள் கிடைக்கும், வீமன் இயற்றியதாகச் சொல்லப்படும் மடைநூலின் நெறி வழுவாமல், அதாவது சமையற்கலை நூலின் முறைப்படி, ஆக்கப்பட்ட பலவகை உணவு பொற்கலத்தில் கிடைக்கும், இறுதியில் குதிரையையும் விஞ்சும் விரைவுடைய எருதுகள் பூட்டிய தேர், பாகனோடு கிடைக்கும். இதற்கு முன்பே வஞ்சியும் மதுரையும் உறந்தையும், அதாவது மூவேந்தரின் தலைநகரங்கள் மூன்றும், ஈகையில் வறியவாயின என்று பாட்டு சொல்லிவிடுகிறது. பேகன், பாரி, காரி, ஆய், அதியமான், நள்ளி, ஓரி என்னும் எழுவர் சுமந்த கொடையின் நுகத்தை இப்போது தனியொருவனாக இழுப்பவன் நல்லியக்கோடன் என்பது பாட்டின் மையக் கூற்று. அந்த எழுவருள் காரி, இத்தொடரின் முற்பகுதியில் பார்த்த திருக்கோவலூர் மலையமான். தென்பெண்ணைக் கரையில் ஓய்மாநாட்டிற்கு அண்டை நாட்டவன். கடையெழு வள்ளல்கள் எனப்படும் அவ்வெழுவரும் கடந்த காலத்தவராகப் பேசப்படுவதால், இப்பாட்டு சங்க காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தது என்று கணிக்கப்படுகிறது. புகழ்ச்சியில் மிகைக்கு இடமுண்டு. ஆயினும் மூவேந்தரின் பெயர்களைச் சொல்லி அவர்களைவிட இவன் மேல் என்று பாடிய புலவரும் அதைக் கேட்ட தலைவனும் அஞ்சவில்லை என்பதிலிருந்து, அந்நாளில் பெருவேந்தரின் கை இக்கழிக்கரை வரை நீளாமல் தளர்ந்திருந்தது என்று ஊகிப்பது பொருந்தும்.

புறநானூற்றுப் பாட்டுகள் மூன்றும் அரண்மனையைவிட நீர்நிலத்தையே நெருங்கிப் பார்க்கின்றன. 176 ஆம் பாட்டில் விளையாடும் சிறுமியர், காட்டுப்பன்றி உழுது கலைத்த கருஞ்சேற்றைக் கிளறுகின்றனர். அங்கே ஆமை இட்ட புலால் நாறும் முட்டைகளும், தேன் மணக்கும் ஆம்பல் கிழங்குகளும் ஒருசேரக் கிடைக்கின்றன. மதகுகளின் வழியே இழுமென்ற ஒலியோடு நீர் பாயும் அந்தப் பெருமாவிலங்கைக்குத் தலைவன் நல்லியக்கோடன். 379 ஆம் பாட்டில் நெல் அறுக்கும் தொழுவர், அரிவாள் மழுங்கியதும், சேற்றில் கிடக்கும் ஆமையின் வளைந்த முதுகைக் கல்லென்று கருதி அதில் தீட்டிக்கொள்கின்றனர். அத்தகைய இலங்கைக்கு உரியவன் வில்லியாதன். 376 ஆம் பாட்டோ இரவில் பறையறைந்து நின்ற கிணைவனின் கந்தலைக் களைந்து அவன் பசியைத் தீர்த்த நல்லியாதனைப் பாடுகிறது. மதகு என்ற ஒரு சொல்லே இங்கே வரலாற்றுக்குப் போதுமான சான்று. நீர் தானாகத் தேங்கிய பள்ளத்தில் மதகு இருக்காது. கரை கட்டி, நீரைத் தேக்கி, வேண்டும்போது திறந்துவிடும் ஏற்பாடு இருந்தால்தான் மதகு ஒலிக்கும். கழுவெளிக்கு நீரனுப்பும் ஏரித் தொடரின் தொடக்க வடிவம் ஓவியர் காலத்திலேயே இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான குறிப்பு கிடைப்பது அரிது.

இப்பாட்டுகள் குறிக்கும் மாவிலங்கை எது என்ற வினாவுக்கு இரு வகை விடைகள் உண்டு. கடல் நடுவேயுள்ள பழைய இலங்கையின் பெயரையே தாங்கியது இந்த மாவிலங்கை என்று சிறுபாணாற்றுப்படை வெளிப்படையாகச் சொல்கிறது. இதைக் கொண்டு ஓவியர் ஈழத்திலிருந்து வந்தவர் என்று எழுதியவர் உண்டு. பாட்டு சொல்வது பெயரொற்றுமையை மட்டுமே, குடிப்பெயர்ச்சியை அன்று. கோதாவரிக் கழிமுகத்தின் ஆற்றிடைத் திட்டுகளைத் தெலுங்கர் இன்றும் லங்கை என்றே வழங்குவதை நோக்கினால், நீர் சூழ்ந்த மேட்டுநிலத்திற்குக் கழுவெளி நாட்டாரும் அப்பெயரை இட்டிருக்கக்கூடும் என்ற விளக்கமே இயல்பானது. திண்டிவனம் அருகில் கீழ்மாவிலங்கை என்னும் ஊர் இன்றும் உள்ளது. அங்கே பாறையைக் குடைந்து அமைத்த பல்லவர் காலத்துச் சிறு திருமால் குடைவரை ஒன்றும் உள்ளது. சங்க காலத்தில் பாடப்பட்ட ஊர், பல்லவர் காலத்திலும் குடைவரை எழுப்பத்தக்க மதிப்போடு இருந்ததாகக் கொள்ள இது இடமளிக்கிறது.

ஓவியரின் மூலத்தைப் பற்றி 1904இல் வெளிவந்த தம் நூலில் வி. கனகசபை, மறவர், எயினர், ஒளியர், அருவாளர், பரதவர் முதலியோரோடு ஓவியரையும் சேர்த்து நாகர் இனத்தின் கிளைகளாக வகைப்படுத்தினார். பத்துப்பாட்டை 1889இல் உ.வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த பிறகு, அதன் வரலாற்றுச் செய்திகளைத் திரட்டி உலகுக்குக் காட்டிய முன்னோடிகளுள் கனகசபை ஒருவர் என்ற மதிப்பு குறையாது. ஆனால் நாகர் என்ற ஒரே கூட்டுக்குள் இத்தனை குடிகளையும் அடக்கும் அவருடைய கருத்துக்குப் பாட்டுகளில் நேரடி ஆதாரம் இல்லை. அக்காலத்து ஆய்வு முறையில் குடிகளின் பிறப்பிடத்தைத் தேடும் ஆர்வம் மிகுந்திருந்தது. ஒரு குடி எங்கிருந்து வந்தது என்பதைவிட, அது எந்த நிலத்தை எப்படி ஆண்டது என்பதே பயன் தரும் கேள்வி.

ஓவியர் குடி எப்போது, எவரால் வீழ்ந்தது என்பதைப் பாட்டுகள் சொல்வதில்லை. தொண்டை நாட்டில் பல்லவர் ஆட்சி நிலைபெற்றபோது இந்நிலமும் அதற்குள் அடங்கியது. வியப்பூட்டுவது, குடி மறைந்த பின்னும் நாட்டின் பெயர் மறையாமைதான். சோழர் ஆட்சியில் நாடு என்பது சில பல ஊர்கள் சேர்ந்த ஆட்சிப் பிரிவு. பல நாடுகள் சேர்ந்தது வளநாடு அல்லது கோட்டம். அவற்றுக்கும் மேலானது மண்டலம். ஜயங்கொண்டசோழ மண்டலத்தின் கல்வெட்டுகளில் ஓய்மாநாடு என்ற பெயர் தொடர்ந்து வருகிறது. ஒரு கட்டத்தில் அதற்கு விஜயராஜேந்திர வளநாடு என்ற பெயரும் சூட்டப்பட்டது. விஜயராஜேந்திரன் என்பது, சாளுக்கியரின் கல்யாணபுரத்தை வென்ற முதலாம் இராஜாதிராஜனின் சிறப்புப் பெயர். பேரரசு தன் பெயரை நாட்டின் மேல் எழுதியபோதும், எழுத்தர் "ஓய்மாநாடான" என்று பழைய பெயரை முன்னிட்டே புதிய பெயரைப் பொறித்தனர். புதிய பெயர் சோழரோடு தேய்ந்தது. மரக்காணத்துப் பூமீஸ்வரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளும், திண்டிவனத்துத் திந்திரிணீஸ்வரர் கோயிலின் கல்வெட்டுகளும் இந்த நாட்டின் இரு முனைகளில் நிற்கும் சான்றுகள். எயிற்பட்டினத்தில் தொடங்கிக் கிடங்கிலில் முடிந்த பழைய பாணர் வழியின் இரு முனைகளும் அவையே.

பதினோராம் நூற்றாண்டுக்குப் பின் இதே மண்ணிலிருந்து மற்றொரு குடி எழுந்தது. திண்டிவனத்திற்குக் கிழக்கேயுள்ள முன்னூர், ஆடவல்லீஸ்வரர் கோயிலாலும் அதன் கல்வெட்டுகளாலும் அறியப்பட்ட ஊர். சோழரின் படைத்தலைவர்களாகவும் குறுநில மன்னர்களாகவும் இருந்த செங்கேணிச் சம்புவராயர்கள் தம்மை ஓய்மாநாட்டு முன்னூரைச் சேர்ந்தவர்களாகக் கல்வெட்டுகளில் குறித்துக்கொண்டனர். சோழப் பேரரசு சரிந்த 13ஆம் நூற்றாண்டில் வலிமை பெற்ற அவர்கள், அடுத்த நூற்றாண்டில் படைவீட்டைத் தலைமையிடமாகக் கொண்டு தனியரசு நடத்தினர். விஜயநகர இளவரசன் குமார கம்பணன் தெற்கே மதுரை நோக்கிப் புறப்பட்டபோது முதலில் வெல்ல வேண்டியிருந்தது சம்புவராயரைத்தான். அவ்வெற்றியை அவனுடைய மனைவி கங்காதேவி வடமொழியில் இயற்றிய மதுராவிஜயம் பாடுகிறது. ஓவியருக்கும் சம்புவராயருக்கும் குருதித் தொடர்பு இருந்ததாகக் காட்ட ஆதாரம் ஏதும் இல்லை. ஏரியும் உப்பும் துறைமுகமும் ஒருங்கே வாய்த்த அதே நிலம், பேரரசின் பிடி தளரும்போதெல்லாம் ஒரு குறுநிலத் தலைமையை ஈன்றது என்பதே இங்குக் காணத்தக்க தொடர்ச்சி.

பிற்கால மாற்றங்கள் சுருக்கமாகச் சொல்லத்தக்கவை. 1876 முதல் 1878 வரையிலான தாது வருடப் பஞ்சத்தின்போது நிவாரணப் பணியாகக் கூலிக்கு வெட்டப்பட்டு நீட்டிக்கப்பட்ட பக்கிங்காம் கால்வாய், மரக்காணத்துக் கழியில் வந்து முடிந்தது. ஓவியர் காலத்துக் கழிவழி, சென்னைக்கு உப்பும் விறகும் ஏற்றிச்செல்லும் படகுவழியாயிற்று. படகுகள் நின்றுவிட்டன, மரக்காணத்து உப்பளங்கள் நிற்கவில்லை. தை முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் பாத்திகளில் கழிநீர் பாய்ச்சப்பட்டு, மழை வரும்வரை உப்பு வாரப்படுகிறது.

கழுவெளியைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் பறவைகள் காப்பகமாக அறிவித்தது. அதன் பரப்பு 5,151.60 ஹெக்டேர். 2024இல் அது ராம்சார் பட்டியலில், அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், இடம்பெற்றது. மத்திய ஆசியாவிலிருந்து தெற்கே வரும் வலசைப் பறவைகளின் பாதையில் இது அமைந்திருப்பதால் பூநாரைகளும் உள்ளான் வகைகளும் குளிர்காலத்தில் இங்கே கூடுகின்றன. இந்த அறிவிப்புகள் மனமார வரவேற்கத்தக்கவை. எனினும் காப்பகத்தின் எல்லைக்கோடு நீர்ப்பரப்பைச் சுற்றி வரையப்பட்டிருக்க, அந்நீரைத் தரும் ஏரிகளும் வரத்து வாய்க்கால்களும் மேற்கே கிடங்கல் வரை அக்கோட்டுக்கு வெளியே கிடக்கின்றன. புறத்திணை நன்னாகனார் கேட்ட மதகின் ஒலி கழுவெளியில் எழுந்ததன்று. கழுவெளிக்கு மேலேயுள்ள ஏரிகளில் எழுந்தது. அந்த ஏரிகளின் கரையும் மதகும் தூர்ந்தால், கழுவெளியில் கடல்நீர் மட்டுமே எஞ்சும். கிடங்கல், நல்லாமூர், உப்புவேலூர், மரக்காணம் என்ற நான்கு ஊர்களையும் அவற்றின் ஏரிகளோடு ஒரே வரலாற்று நிலப்பரப்பாகப் பதிந்து காக்க வேண்டும் என்று கேட்பதற்கு இலக்கியமும் நீரியலும் ஒருசேரத் துணை நிற்கின்றன.

இடைக்கழிநாட்டின் தென்பகுதியில், கடப்பாக்கத்துக் கழிமுகத்தின் அருகே சிதைந்து நிற்கும் ஆலம்பரைக் கோட்டை, முகலாயர் காலத்தின் இறுதியில் எழுந்து, 1750இல் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் கைக்கு மாறி, 1760இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்டது. நத்தத்தனாரின் ஊர்க்கரையில் நாணயச்சாலை ஒன்று எழுந்த வரலாறு அடுத்த பகுதியில் இடம்பெறும்.